பெயரில்லாத டப்பாவில் இருப்பது என்ன?

கேள்வி: எனக்கு 31 வயது. எட்டு மாதமாக இரவில் நிறம் கூட்டும் க்ரீம் ஒன்றைப் பூசி வருகிறேன். தெரிந்தவர் மூலம் இணையத்தில் வாங்கியது. வெள்ளை டப்பா, மேலே ஒரு பெயர், ஒரு பூவின் படம், அவ்வளவுதான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எங்கும் இல்லை. "முழுக்க மூலிகை" என்றார்கள். இரண்டே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது இரண்டு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது. மறுபடி பூசினால் அடங்கிவிடுகிறது. கன்னத்தில் பூனைமுடி அடர்ந்துவிட்டது. சாயங்காலமானால் கால் லேசாக வீங்குகிறது. ஒன்றரை வயது மகன் என்னோடுதான் படுக்கிறான், இன்னும் பால் குடிக்கிறான். பாராபென் புற்றுநோய் தரும் என்று படித்த பிறகு ஷாம்பு, லோஷன் எல்லாவற்றையும் "பாராபென் இல்லாதது" என்று மாற்றினேன். அதிலிருந்து கழுத்தில் தடிப்பு வருகிறது. தலைச்சாயம் பூசினால் காது மடல் ஓரம் அரிக்கிறது. அடுத்த மாதம் "ஃபார்மால்டிஹைடு இல்லாத" முறையில் முடியை நேராக்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இவற்றில் எதை நிறுத்துவது, எதைத் தொடரலாம்? க்ரீமை விட்டால் பழையபடி கறுத்துவிடுவேனா?

தோல் மருத்துவரின் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த க்ரீமை இன்று இரவு பூசாதீர்கள். உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருக்கின்றன, ஆனால் அவசரமானது இது ஒன்றுதான். பாராபெனுக்குப் பயந்து ஷாம்பை மாற்றிய நீங்கள், என்ன இருக்கிறதென்றே தெரியாத ஒன்றை எட்டு மாதமாக முகத்தில் தேய்த்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஷாம்பும் லோஷனும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாராபென் என்ற பெயர் லேபிளில் அச்சாகியிருப்பதால்தான் அதைப் பற்றி ஊரெல்லாம் பேச முடிகிறது. அச்சாகாத பொருளைப் பற்றி உங்களை யாராலும் எச்சரிக்க முடியாது. ஆனால் அழகுசாதனங்களால் வரும் மோசமான பாதிப்புகளில் பல அந்த அச்சாகாத பொருள்களால்தான் வருகின்றன.

"இரண்டே வாரத்தில் பளிச்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதல் துப்பு. மேல்தோல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு போன்ற முறையான பொருள்கள் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியவே 8 முதல் 12 வாரம் பிடிக்கும். இரண்டு வாரத்தில் நிறத்தை மாற்றிக் காட்டுகிற சரக்கில் வழக்கமாக இருப்பவை மூன்று: பாதரசம், வீரியமான ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன். ஒரே டப்பாவில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதும் உண்டு. விட்டால் சிவந்து எரிவதும் பூனைமுடி அடர்வதும் ஸ்டீராய்டைக் காட்டுகின்றன. கால் வீக்கம் எனக்குப் பாதரசத்தை நினைவூட்டுகிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். பாதரச உப்பு அந்த நொதியை முடக்கிவிடும். கேலமல் எனப்படும் மெர்க்குரஸ் குளோரைடும் அம்மோனியா சேர்ந்த பாதரசமும் இந்தக் க்ரீம்களில் அதிகம் புழங்குபவை. விலை மலிவு, வேலை வேகம். தோல் வழியே உள்ளே போவது சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே வடிகட்டும் சவ்வு பழுதானால் இரத்தத்தில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகும். சிறுநீர் நுரைக்கும், காலும் கண்ணிமையும் வீங்கும். கேரளத்தில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை பார்த்த 22 மெம்பரனஸ் நெஃப்ரோபதி (அந்த வடிகட்டும் சவ்வு பழுதாகும் நோய்) நோயாளிகளில் 15 பேருக்கு இருந்தது அந்நோயின் நெல்-1 என்ற, பொதுவாக அபூர்வமான வகை. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் கூட்டும் க்ரீம் பூசி வந்தவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். நேரத்தோடு நிறுத்தினால் இது திரும்பக்கூடிய பாதிப்பு.

டப்பாவை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். மூடியின் உள்பக்கமும் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் க்ரீமும் சாம்பல் அல்லது கரும்பச்சை நிறமாகியிருக்கிறதா? காற்றும் வெளிச்சமும் படப்படப் பாதரச க்ரீம் கறுக்கும். "தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் பூசவும்" என்று எங்காவது எழுதியிருந்தாலோ, விற்றவர் நகையைக் கழற்றிவிட்டுப் பூசச் சொல்லியிருந்தாலோ, சந்தேகம் வலுக்கிறது. பாதரசம் இந்த உலோகங்களோடு சேர்ந்து அவற்றைக் கெடுத்துவிடும். ஆனால் க்ரீம் வெள்ளையாகவே இருக்கிறது என்பதால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நிறம் மாறாத பாதரச க்ரீமும் உண்டு. வீட்டில் எந்தப் பரிசோதனையும் செய்து பார்க்க வேண்டாம். எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி உள்ள ஆய்வுக்கூடத்தில் டப்பாவைத் திறக்காமலேகூடச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, நிறம் மாற்றும் க்ரீமில் பாதரசம் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. 2023இல் கூடிய உறுப்பு நாடுகள் அந்த அளவு வரை தந்திருந்த விலக்கையும் எடுத்துவிட்டு, 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதையுமே தயாரிக்கவோ ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்தன. கள்ளச்சந்தைச் சரக்கோ இந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே இருக்காது. 2010இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் சில குடும்பங்களைப் பாதித்த க்ரீமில் பாதரசம் 2 முதல் 5.7 சதவீதம். அதாவது கிலோவுக்கு 57 கிராம் வரை. அந்தக் குடும்பங்களில் க்ரீமைத் தொடவே தொடாத குழந்தைகளின் சிறுநீரிலும் பாதரசம் இருந்தது.

உங்கள் மகனைப் பற்றி நான் கவலைப்படுவது இதனால்தான். க்ரீம் உங்கள் கன்னத்திலிருந்து தலையணை உறைக்கும் துண்டுக்கும் கைபேசித் திரைக்கும் போகிறது. அவன் முகத்தை அங்கே வைக்கிறான், விரலை வாயில் வைக்கிறான். போதாததற்குப் பாதரசம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி அறைக் காற்றிலும் கலக்கும். தாய்ப்பாலிலும் ஓரளவு வரும். ஆனாலும் பாலை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு பேரின் சோதனை முடிவையும் பார்த்துக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும். உள்ளங்கையும் பாதமும் இளஞ்சிவப்பாகித் தோல் உரிதல், காரணமில்லாத சிணுங்கல், அதிக வியர்வை, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், நடந்துகொண்டிருந்த குழந்தை நடக்க மறுத்தல், இவற்றில் எதுவாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் காட்டுங்கள்.

இன்று செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டப்பாவை இறுக மூடி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டுக் கட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில், படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம், சாக்கடையில் கொட்டவும் வேண்டாம். மருத்துவருக்கு அது தேவை. எல்லாம் முடிந்த பிறகு அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டிய பொருள் அது. முகத்தையும் கையையும் மென்மையான சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். க்ரீம் பட்ட தலையணை உறை, துண்டு, தலைப்பட்டை ஆகியவற்றைத் துவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். சலவை இயந்திரத்தில் மற்ற துணிகளோடு போட்டால் பாதரசம் இயந்திரத்துக்கும் குழந்தை உடைக்கும் பரவும். அவற்றையும் பையில் கட்டித் தனியே வைத்துவிட்டுப் புதியதை எடுங்கள். கைபேசியை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் அதே பையில் போடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இந்த வாரத்துக்குள் சோதனை. சிறுநீரில் பாதரச அளவு (சிறுநீரகம் வெளியேற்றும் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுத் தரச் சொல்லுங்கள்), சிறுநீரில் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், இரத்தத்தில் கிரியாட்டினினும் ஆல்புமின் என்ற புரதமும், இரத்த அழுத்தம். மகனுக்கும் சிறுநீர்ப் பாதரசம் பார்க்க வேண்டும். மாதிரியைச் சேகரிக்கும் முன் கையை நன்றாகக் கழுவுங்கள். விரலில் ஒட்டிய க்ரீம் ஒரு துளி போதும், முடிவு பொய்யாகிவிடும். ஆய்வுக்கூடம் தரும் குப்பியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஏன் சிறுநீர், இரத்தம் போதாதா என்று கேட்கலாம். இரத்தத்தில் இருக்கும் பாதரசத்தில் மீன் சாப்பிடுவதால் வருவதும் சேர்ந்துகொள்ளும். க்ரீமில் இருக்கும் கனிமப் பாதரச உப்பைச் சிறுநீர்தான் தெளிவாகக் காட்டும். ஒரே ஒரு விதிவிலக்கு: கை கால் மரத்துப்போதல், பேச்சு குழறுதல், நடை தள்ளாடுதல் இருந்தால் இரத்தச் சோதனையும் அன்றைக்கே வேண்டும். 2019இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு பெண்ணை ஏறக்குறைய நினைவிழக்கச் செய்த க்ரீமில் இருந்தது மெத்தில் மெர்க்குரி என்ற கரிமப் பாதரசம். அந்த வகை மூளையையே தாக்கும்.

பாதரசத்தோடு தொடர்பில்லாதவர்களுக்குச் சிறுநீரில் பெரும்பாலும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள்தான் இருக்கும். 20ஐத் தாண்டினால் வெளியிலிருந்து வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உடலில் சேர்ந்தது பாதியாகக் குறைய ஒன்று முதல் இரண்டு மாதம் ஆகும். ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு விடாமல் ஆறேழு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். குறையவில்லையென்றால் வீட்டுக்குள் இன்னும் ஏதோ ஒரு பொருளிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். "உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றும்" மாத்திரை, பொடி எதையும் நீங்களாக வாங்காதீர்கள். பாதரசத்தை வெளியேற்றும் மருந்து இருக்கிறது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்பதைச் சிறுநீரக நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு. க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவை நல்ல மருந்துகள், சரியான நோய்க்கு, சரியான இடத்தில், சரியான நாள் கணக்கில். முகத்தில் மாதக்கணக்கில் பூசும்போதுதான் கெடுதல். இவை தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வெளுப்பாகக் காட்டும். விட்டதும் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து முகம் கொதிக்கும். மறுபடி பூசினால் அடங்கும். "க்ரீம்தான் என் தோலுக்கு மருந்து, அதை விட்டதுதான் நோய்" என்று தோன்றவைப்பது இந்தச் சுழல். உண்மையில் தோல் மெலிந்துகொண்டே போகிறது. மெல்லிய சிவப்பு நரம்புக் கோடுகள், பருக்கள், பூனைமுடி எல்லாம் அதன் அடையாளம். கண்ணைச் சுற்றியும் பூசியிருந்தால் கண் அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் தடுக்கி விழுவது இதில்தான். வீரியமான ஸ்டீராய்டைத் திடீரென விடாமல் குறைத்துக் குறைத்து விட வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அதைக் கேட்டுவிட்டு அதே டப்பாவையே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று குறைக்கத் தொடங்குவார்கள். பாதரசம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அதைச் செய்யக் கூடாது. டப்பா இன்றோடு நின்றாக வேண்டும். படிப்படியாகக் குறைக்க வேண்டியிருந்தால், பெயரும் அளவும் தெரிந்த மென்மையான ஸ்டீராய்டை, உதாரணமாக 1 சதவீத ஹைட்ரோகார்டிசோனை, மருத்துவர் சில நாளுக்குத் தருவார். அல்லது ஸ்டீராய்டே இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பைத் தருவார். பருக்கள் மிகுந்தால் வாய்வழி ஆன்டிபயாட்டிக் எழுதுவதும் உண்டு. பால் கொடுக்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், மருந்துத் தேர்வு அதைப் பொறுத்து மாறும். முகத்தோடு நிறுத்தாமல் கை, கழுத்து, உடம்பு என்று பரவலாகப் பூசியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போது காலை 8 மணி அளவில் எடுத்த இரத்தத்தில் கார்டிசால் பார்க்க வேண்டும். உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்திருக்கலாம். கடும் சோர்வு, வாந்தி, எழுந்தால் மயக்கம் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த சில வாரம் கடினமாக இருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் தாங்கலாம். நிறுத்திய சில நாளில் சிவப்பும் எரிச்சலும் வரும், இரண்டு வாரம் வரை ஏறிக்கொண்டே போகலாம், சிறு கொப்புளங்கள் தோன்றலாம். பிறகு அலை அலையாகக் குறையும். முழுதாக அடங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். அந்த நாள்களில் வெதுவெதுப்பான தண்ணீர், ஈரத்தோலில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி அல்லது வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், எரியும்போது குளிர்ந்த ஈரத் துணியைப் பத்து நிமிடம் வைத்தல், பகலில் ஜிங்க் ஆக்சைடு உள்ள 30க்கு மேற்பட்ட எஸ்பிஎஃப் சன்ஸ்க்ரீன். இவ்வளவுதான். ஸ்க்ரப், வைட்டமின் சி சீரம், ரெட்டினால், அமிலங்கள், பேஸ்பேக் எதுவும் வேண்டாம். "இதைப் பூசினால் உடனே அடங்கும்" என்று யாராவது இன்னொரு டப்பாவை நீட்டினால் வாங்காதீர்கள். உடனே அடக்குவது பெரும்பாலும் இன்னொரு ஸ்டீராய்டாகத்தான் இருக்கும்.

ஹைட்ரோகுயினோனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதி, மாதக்கணக்கை எண்ணி, சன்ஸ்க்ரீனோடு பயன்படுத்தினால் மங்குக்குப் பலன் தரும் மருந்து. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தோல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. அமெரிக்காவிலும் 2020க்குப் பிறகு மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதியில்லை. கண்காணிப்பின்றி நீண்டகாலம் பூசினால் கன்ன எலும்பின் மேல் நீலம் கலந்த கருமைப் புள்ளிகள் வரும். ஒக்ரோனோசிஸ் என்று பெயர். மங்கு கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அதிகமாகப் பூசுவார்கள், கருமை இன்னும் கூடும். ஒருமுறை வந்தால் போக்குவது மிகக் கடினம்.

இனி பாராபென். இதில் உங்கள் பயத்தைக் குறைக்க முடியும் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. மெத்தில் பாராபென், எத்தில் பாராபென் இரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் தனித்தனியே 0.4 சதவீதம் வரை அனுமதிக்கிறது. ஹார்மோன் போல நடந்துகொள்ளும் குணம் சங்கிலி நீளமான ப்ரொப்பில், பியூட்டில் வகைகளில் கூடுதல் என்பதால் அவை இரண்டும் சேர்ந்து 0.14 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐசோப்ரொப்பில், ஐசோபியூட்டில் உள்ளிட்ட ஐந்து வகைகளை 2014இல் தடையே செய்துவிட்டது. ஆகவே எந்தப் பாராபென் என்று பார்க்க வேண்டும். பெயரின் கடைசிப் பாதியைப் பார்த்து எல்லாவற்றையும் ஒதுக்குவது சரியில்லை. தண்ணீர் உள்ள எந்த க்ரீமுக்கும் கிருமி வளராமல் தடுக்க ஏதோ ஒரு பொருள் வேண்டும். பாராபென் போன இடத்துக்கு இன்னொன்று வந்தாக வேண்டும். அப்படி வந்ததுதான் மெத்தில் ஐசோதயசோலினோன். சில ஆண்டுகளுக்குள் அது பரப்பிய ஒவ்வாமையைப் பார்த்து அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிச் சங்கம் 2013இல் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விடும் பொருள்களில் ஐரோப்பா அதை 2017இல் தடை செய்தது. அதே சங்கம் 2019இல் பாராபென்களை "ஒவ்வாமை தராத பொருள்" என்று அறிவித்ததையும் சொல்ல வேண்டும்.

உங்கள் கழுத்துத் தடிப்புக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் புது ஷாம்பும் லோஷனும்தான். லேபிளில் மெத்தில் ஐசோதயசோலினோன், மெத்தில் குளோரோ ஐசோதயசோலினோன் இருக்கிறதா பாருங்கள். டிஎம்டிஎம் ஹைடன்டாயின், குவாட்டர்னியம்-15, இமிடசோலிடினைல் யூரியா, டையசோலிடினைல் யூரியா ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிட்டுக் கிருமியைக் கொல்பவை, அவற்றையும் தேடுங்கள். "வாசனை" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் டஜன்கணக்கான பொருள்கள் ஒளிந்திருக்கலாம். தோல் தேறும்வரை வாசனை சேர்த்த எதையும் தள்ளி வையுங்கள்.

லேபிளைப் படிக்க ஒரு எளிய வழி உண்டு. அதிகம் உள்ளது முதலில், குறைவானது பின்னால் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எப்படியும் அடுக்கலாம். ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பதப்படுத்தி 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்படுவதில்லை. எனவே பட்டியலில் அந்தப் பெயர் எங்கே வருகிறதோ, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் 1 சதவீதமோ அதற்கும் குறைவோதான். முகப்பில் பெரிதாக விளம்பரப்படுத்திய மூலிகைச் சாறு பெரும்பாலும் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கும். பட்டியல், தயாரிப்புத் தொகுதி எண், தயாரித்தவரின் முகவரி, இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அதைத் தோலில் வைக்காதீர்கள்.

முறையான லேபிள் உள்ள புது லோஷனை, தோல் அடங்கிய பிறகு, இப்படிச் சோதித்துக்கொள்ளலாம்: முழங்கையின் உள்மடிப்பில் பெரிய நாணயம் அளவு இடத்தில் காலை மாலை இரண்டு வேளை, ஏழு நாள் விடாமல் பூசுங்கள். ஒவ்வாமை ஒரே நாளில் தெரியாது, நான்காம் ஐந்தாம் நாளில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். ஒருநாள் பூசிப் பார்த்துவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முகத்துக்குக் கொண்டுபோவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கழுவிவிடும் ஷாம்பை இப்படிச் சோதிக்கக் கூடாது, தோலில் விட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். தலைச்சாயத்துக்கும் இந்த வழி ஆகாது.

தலைச்சாயம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காது மடலிலும் நெற்றி ஓரத்திலும் அரிப்பு என்பது பாரா ஃபீனிலீன் டையமின் ஒவ்வாமை தொடங்கும் இடம். கருஞ்சாயத்தில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஐரோப்பாவில் கலந்த பிறகு தலையில் படும் அளவு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. உடலின் எதிர்ப்பு அணுக்கள் ஒருமுறை இதை எதிரியாக மனதில் பதித்துக்கொண்டால் மறப்பதில்லை. இன்று அரிப்பு, அடுத்த முறை கண்ணிமை மூடிக்கொள்ளும் அளவு வீக்கம் வரலாம். பூசிய ஒன்று முதல் மூன்று நாள் கழித்தும் வரும் என்பதால் பலர் சாயத்தோடு அதைத் தொடர்புபடுத்துவதே இல்லை. பெட்டியில் சொல்லியிருக்கும் 48 மணி நேரச் சோதனை இதுவரை எதுவும் வராதவர்களுக்கு. அரிப்பு வந்துவிட்ட நீங்கள் அதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். மருத்துவர் முதுகில் ஒட்டும் பேட்ச் பரிசோதனையைச் செய்யட்டும். 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், மறுபடி 72 அல்லது 96 மணி நேரத்தில் பார்ப்பார்கள். முதுகில் ஸ்டீராய்டு பூசியிருந்தால் முடிவு தவறும். முடிவு வரும்வரை எந்த நிரந்தரச் சாயமும் வேண்டாம். "கறுப்பு மருதாணி" என்று விற்பதும் மாற்று ஆகாது. மருதாணிக்குக் கறுக்கத் தெரியாது, அது செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும். கறுத்தால் இதே வேதிப்பொருளைக் கலந்திருக்கிறார்கள், சில சமயம் தலைச்சாயத்தில் அனுமதித்ததைவிடப் பல மடங்கு.

முடி நேராக்குவதை ரத்து செய்துவிடுங்கள். பழைய முறையில் ஃபார்மால்டிஹைடு கரைசலைப் பூசி, சுமார் 200 டிகிரி சூட்டில் இழுப்பார்கள். அந்தச் சூட்டில் அது வாயுவாகி மூக்கிலும் கண்ணிலும் ஏறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மெத்திலீன் கிளைக்கால், ஃபார்மலின், மெத்தனல் (மெத்தனால் வேறு), இவை எல்லாம் அதன் வேறு பெயர்கள். "இல்லாதது" என்று விற்பவற்றில் பலவற்றில் இப்போது இருப்பது கிளையாக்ஸிலிக் அமிலம். இது தலைத்தோல் வழியே உள்ளே போய் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். 26 வயதுப் பெண் ஒருவர் 2020, 2021, 2022 என மூன்று முறை இப்படி முடியை நேராக்கினார், மூன்று முறையும் அவருடைய சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. 2024இல் மருத்துவ இதழில் வெளியான செய்தி இது. பூசும்போதே தலைத்தோல் எரிவதும், பிறகு வாந்தியும் முதுகு வலியும் வருவதும் எச்சரிக்கை. உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றே இன்னும் தெரியாத நிலையில் இந்த ஆபத்துக்கு இடமே கொடுக்கக் கூடாது.

கடைசியாகக் கேட்டது: கறுத்துவிடுவேனா?

உங்கள் நிறம் திரும்பி வரும். அதை மறைக்க மாட்டேன். முதல் சில மாதங்கள் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கருமையாகக்கூடத் தெரியும். எட்டு மாதமாக முடக்கிவைத்த மெலனின் மறுபடி உருவாகும்போதும், வீங்கிச் சிவந்த தோல் ஆறும்போதும் அப்படித்தான் ஆகும். கண்ணாடியைப் பார்த்து மனம் தளர்ந்து டப்பாவைத் தேடும் நாள் அநேகமாக மூன்றாவது, நான்காவது வாரத்தில் வரும். அதனால்தான் டப்பா வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். எரிச்சல் முழுக்க நின்று, தண்ணீர் பட்டாலும் சன்ஸ்க்ரீன் பட்டாலும் சுருக்கென்று குத்தாமல் நான்கு வாரம் கடந்தால் தோலின் வேலி திரும்பக் கட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போதும் திட்டுத்திட்டாகக் கருமை மிச்சம் இருந்தால் 10 அல்லது 15 சதவீத அசெலாயிக் அமிலத்தை இரவில் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம், பால் கொடுப்பவர்களுக்கும் பொதுவாக ஏற்றது. குழந்தை முகத்தை வைக்கும் இடத்தில் மட்டும் பூசாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது பையில் கட்டிய டப்பா, புது ஷாம்பு லோஷன்களின் லேபிள் படங்கள், சாயப் பெட்டி, க்ரீம் பூசுவதற்கு முந்தைய உங்கள் புகைப்படம் ஒன்று, இவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.